இடக்கைக்காரருக்கான ரம்பம்

பிரெஞ்சுக்காரர்கள் நட்டுவிட்டுப் போன மரங்களை அமெரிக்கர்களுக்காக வெட்டும் வேலை கரியமாணிக்கத்துக்குக் கிடைத்தது 1966இல், மழை விட்ட பிறகு. சைகோனின் டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் போகும் சாலை ராணுவ லாரிகளுக்குப் போதவில்லை. இரண்டு பக்கமும் நிற்கிற புளியமரங்களை எடுத்துவிட்டால் கூடுதலாக ஒரு வரிசை லாரி போகலாம் என்று யாரோ ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டார். போட்டவர் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார். கோடு மட்டும் தங்கிவிட்டது.

கரியமாணிக்கம் காரைக்கால்காரர். மீசை முளைத்ததும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்கு வந்தவர். பட்டாளம் தோற்றுப்போய்க் கப்பலேறியபோது அவர் ஏறவில்லை. அதற்குள் ஜெயத்தைக் கட்டியிருந்தார். ஜெயத்தின் அப்பா காரைக்கால், அம்மா வியட்நாம். ஜெயம் திநே பாலத்தருகே தள்ளுவண்டி வைத்து ஹு தியூ விற்றாள். எலும்பு வேகவைத்த சாறில் நூடுல்ஸ் போட்டுத் தருவது. கரியமாணிக்கம் டோங் டு பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையில் காவலாளாக இருந்தார். முதலாளி கடையைச் சாத்திவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டதால் காவல் காக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. அப்போதுதான் மரம் வெட்டும் அமெரிக்கக் கம்பெனி ஆள் தேடியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரியமாணிக்கம் இடக்கைக்காரர். சின்ன வயதில் இடக்கையால் சோற்றைத் தொட்டதற்காக வீட்டில் அடி. பட்டாளத்தில் இடத்தோளில் துப்பாக்கியைச் சார்த்தியதற்காக அடி. ஒரு சார்ஜெண்ட் பிரம்போடு அவருக்குப் பின்னாலேயே நிற்பார். இடது மணிக்கட்டு மேலே வந்தால் பிரம்பு கீழே வரும். பட்டாளத்தை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அவர் எல்லாவற்றையும் இடக்கையாலேயே செய்தார். சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டார், ஊரில் மிச்சமிருந்த பிரெஞ்சு அதிகாரி யாராவது எதிரே வந்தால் இடக்கையால் சல்யூட் அடித்தார்.

"ஜெனீவாவுல உக்காந்து வியட்நாமை ரெண்டாப் பிரிச்சாங்கல்ல. அதுல என் பங்குக்கு வந்தது இந்தக் கை" என்று ஜவுளிக்கடை ஆட்களிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

வேலைக்குப் போன முதல் நாள், மேஸ்திரி, தாம் என்ற வியட்நாமியன், அவரிடம் ஒரு மோட்டார் ரம்பத்தைக் கொடுத்தான். கையால் இழுக்கிற ரம்பத்தைத்தான் கரியமாணிக்கம் பார்த்திருந்தார். இது வேறு. பெட்ரோல் குடிக்கிற ஒரு என்ஜின், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பட்டை, பட்டையைச் சுற்றி ஓடும் பல்வைத்த சங்கிலி. முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி, என்ஜினைக் கிளப்ப இழுக்கிற கயிறு ஒன்று. விசை பின்பிடியில் இருந்தது. கரியமாணிக்கம் யோசிக்கவே இல்லை. இடக்கையைப் பின்னால் கொண்டுபோய் விசையில் வைத்தார், வலக்கையால் முன்பிடியைப் பிடித்தார்.

"மாத்திப் பிடி" என்றான் தாம், வியட்நாமியில்.

"ஏன்?"

"பட்டை என்ஜினுக்கு வலப்பக்கமா இருக்கு, பாரு. சரியாப் பிடிச்சா அது எகிறினாலும் வலத்தோளுக்கு வெளிய போகும். நீ பிடிச்சிருக்கிற மாதிரி பிடிச்சா நேரா கழுத்துக்கு வரும்."

"நான் இடக்கைக்காரன்."

"அது ரம்பத்துக்குத் தெரியாதே" என்றான் தாம். அதற்கு மேல் அவன் வற்புறுத்தவில்லை. கழுத்து அவனுடையது இல்லை.

வற்புறுத்துவதற்கென்றே கம்பெனியில் ஒருவர் இருந்தார். பாதுகாப்பு அதிகாரி ஜூல். புதுச்சேரிக்காரர். சாதி வழக்கத்தை விட்டோம் என்று எழுதிக்கொடுத்து, பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டு முழுப் பிரெஞ்சுக் குடிமக்களாக மாறியவர்கள் வம்சம். பிரெஞ்சுக்காலத்தில் சுங்க இலாகாவில் மேசைக்குப் பின்னால் இருந்தார். பிரெஞ்சுக்காலம் போனது. ஜூல் மேசைக்குப் பின்னாலேயே இருந்தார், மேசைதான் அமெரிக்கர்களுடையதாயிற்று. நாலு பாஷை தெரியும் என்பதற்காக அவரை எடுத்திருந்தார்கள். ரம்பத்தைத் தொட்டதில்லை. வெள்ளை ஹெல்மெட் ஒன்றை எப்போதும் தலையில் வைத்திருந்தார், அலுவலகத்துக்குள்ளும். ஒவ்வொரு மரமும் சாயும்போது, "ஹூம், நாம வச்ச மரம்" என்று பெருமூச்சு விடுவார்.

"உங்க தாத்தாவா முசே குழி தோண்டினாரு?" என்று கரியமாணிக்கம் ஒருமுறை, பிரெஞ்சு மரியாதை வைத்தே, கேட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் ஆகாது.

அதற்கு முன்பே, அந்த முதல் நாளிலேயே, ஜூல் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னப்பா இது? வலக்கையில புடி. இது ஆர்டர்."

தாம் சொன்ன காரணத்தை ஜூலும் சொல்லியிருந்தால் கரியமாணிக்கம் ஒருவேளை மாற்றிப் பிடித்திருப்பார். ஆனால் ஜூலுக்குக் காரணம் தெரியாது. ஆர்டர்தான் தெரியும். அதுவும் அந்தச் சொல்லை அவர் பிரெஞ்சு உச்சரிப்பில் சொன்னார். கரியமாணிக்கத்தின் இடது மணிக்கட்டு தானாகவே கூசியது.

"முசே, இந்தக் கையில எத்தனை பிரம்பு ஒடிஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. வெள்ளக்காரன் போயிட்டான். இனிமே எவனும் எனக்கு எந்தக் கைன்னு சொல்ல வேணாம்" என்றார். கயிற்றை இழுத்தார். என்ஜின் சத்தத்தில் ஜூல் சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை.

அவரைத் துரத்திவிட ஜூல் எண்ணியிருந்தார். அதற்கு முன்னால் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கை குறுக்கே வந்தது. அது ஒவ்வொரு மாதமும் அவருக்குத் தலைவலி. எழுத விஷயம் கிடைக்காது. விஷயமே இல்லாத ஊர் இல்லை அது. சாலையில் கண்ணிவெடி வெடித்துக் கம்பெனி லாரி ஒன்று எரிந்திருந்தது. காப்பிக்கடையில் கையெறிகுண்டு விழுந்து கம்பெனிக் கணக்கர் ஒருவர் காலை இழந்திருந்தார். ஆனால் அதெல்லாம் யுத்தம். கம்பெனி வகுத்த விதிப்படி யுத்தம் விபத்து ஆகாது. விபத்து என்றால் வழுக்கி விழுவது, விரல் நசுங்குவது. அந்த மாதம் யாரும் வழுக்கி விழவில்லை. எனவே ஜூல், வேறு வழியில்லாமல், கரியமாணிக்கத்தின் இடக்கையைப் பற்றி எழுதினார்.

அமெரிக்காவில் இருந்த தலைமையகம் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நெகிழ்ந்துபோயிற்று. இத்தனை காலம் இடக்கைத் தொழிலாளர்களை எண்ணிப் பார்க்கவே இல்லையே என்று வருந்தியது. குண்டு விழுகிற ஊரில் பெரிய ஆபத்து எது என்று கண்டுபிடித்துச் சொன்ன ஜூலைப் பாராட்டியது. இடக்கைக்காரர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சைகோனிலேயே தொடங்கச் சொன்னது.

தள மேலாளர் டெல்பர்ட், ஒஹையோக்காரர், கரியமாணிக்கத்தைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். யோசித்து, கையை மாற்றி, இடக்கையாலும் ஒருமுறை குலுக்கினார். கரியமாணிக்கத்தின் கண் கலங்கிவிட்டது. அந்தக் கையை யாரும் மரியாதையோடு தொட்டதில்லை. அவருக்குச் சிவப்புப் பட்டை ஒன்று கொடுத்து இடது புஜத்தில் கட்டச் சொன்னார்கள். 'மாதிரி இடக்கைத் தொழிலாளி' என்று பதவி. திட்டத்துக்குப் பொறுப்பு ஜூல். நேற்றுவரை ஆகாதவர்கள் இருவரும் இப்போது ஒரே ஜீப்பில் போனார்கள்.

முதலில் இடக்கை ரம்பம் வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். அப்படி ஒன்றை எவரும் செய்வதில்லை என்று பதில் வந்தது. சரி, சுவரொட்டியாவது வேண்டும் என்று ஜூல் முடிவு செய்தார். ஸ்டூடியோக்காரர் வந்தார். கரியமாணிக்கம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து ரம்பத்தோடு நின்றார், விசையில் இடக்கை. படம் வந்ததும் ஜூல் முகத்தைச் சுளித்தார்.

"நல்லாயில்லையே. பட்டை கழுத்தை மறைக்குது."

எப்படி நின்று எடுத்தாலும் பட்டை கழுத்தை மறைத்தது. அங்கே அந்தக் கணத்தில் யாராவது ஒருவர் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எல்லோரும் படத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

ஸ்டூடியோக்காரர்தான் வழி சொன்னார். தாம் சரியாகப் பிடித்திருக்கும் படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் வலது இடதாகிவிடும். திருப்பிப் போட்டார். தாம் இடக்கைக்காரன் ஆனான். ரம்பத்தின் பட்டையும் இடப்பக்கம் வந்துவிட்டது, கயிறும் பக்கம் மாறிவிட்டது, என்ஜின் மேலிருந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் போயின. எழுத்துகளைத் தூரிகையால் அழித்தார்கள். தாமின் முகத்தைக் கறுப்பாக்கி மீசை வரைந்தார்கள். 'இடக்கைத் தோழரே, உமக்கும் பாதுகாப்பு உண்டு' என்று நாலு பாஷையில் அடித்தார்கள். மிக அழகான சுவரொட்டி. அதிலிருந்த ரம்பம் உலகத்தில் எங்கும் இல்லை. அந்த ஆளும் இல்லை.

கரியமாணிக்கம் அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார். ஜெயம் கையில் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நான்தான்."

"மீசை உங்களோடதுதான். கை வேற யாருதோ" என்றாள். கிட்டே போய்ப் பார்த்தாள். "இதுல இரும்பு இந்தப் பக்கம் இருக்கே. நீங்க கொண்டாந்து காட்டினீங்களே, அதுல அந்தப் பக்கம்ல இருந்துச்சு."

"இது இடக்கைக்காரனுக்கு."

"அப்ப அந்த ரம்பம் உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல. அமெரிக்காவுலயே இல்லியாம்."

ஜெயம் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "சைக்கிள்ல சங்கிலி எந்தப் பக்கம் இருக்கு?"

"வலப்பக்கம்."

"நீங்க இடக்கைக்காரர்னு இடப்பக்கம் மாத்தி மாட்டினீங்களா?"

"சைக்கிள் சங்கிலி கழுத்தை அறுக்காதுடி."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் ஜெயம்.

கரியமாணிக்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. நீயும் பிரெஞ்சுக்காரன் மாதிரி பேசுகிறாய் என்றார். அவள் அப்பா காலத்திலிருந்து பிரெஞ்சுக்காரன் என்பது அந்த வீட்டில் பெரிய வசவு. ஜெயம் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

திட்டத்தின் தொடக்க விழாவை விமான நிலையச் சாலையிலேயே வைத்தார்கள். பொதுப்பணித் துறையிலிருந்து ஒரு துணைச் செயலர், சீருடையில் ஒரு கர்னல், அவருக்குக் காவலாக நாலு துப்பாக்கிகள், கம்பெனிக்காரர்கள். வெயில் கொளுத்தியது. விழா நடந்த இடத்தில் மிச்சமிருந்த நிழல், அன்றைக்கு வெட்டவேண்டிய புளியமரத்தின் நிழல் ஒன்றுதான். நாற்காலிகளை அதன் அடியில் போட்டுவிட்டார்கள். விருந்தினர்கள் உட்கார்ந்த பிறகுதான் யாருக்கோ உறைத்தது. எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, நாற்காலிகளை வெயிலுக்கு மாற்றினார்கள். துணைச் செயலரின் முகம் அப்போதிலிருந்தே சரியில்லை.

ஜூல் பிரெஞ்சில் பேசினார். மனிதனின் கண்ணியம், இரண்டு கைகளின் சமத்துவம் என்று என்னென்னவோ சொன்னார். பிரெஞ்சு தெரிந்த துணைச் செயலர் கேட்காததுபோல் இருந்தார். பிரெஞ்சு தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிற காலம் இல்லை அது. பிரெஞ்சு தெரியாத டெல்பர்ட் கைதட்டினார்.

கரியமாணிக்கம் முன்னால் வந்தார். புஜத்தில் சிவப்புப் பட்டை, தலையில் புது ஹெல்மெட். விசையில் இடக்கையை வைத்தபோது அவருக்கு அந்தப் பழைய சார்ஜெண்டின் ஞாபகம் வந்தது. அவன் இதைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. கயிற்றை இழுத்தார். மரத்தில் பட்டையை வைத்தார். தூள் பறந்தது. முதல் வெட்டு நன்றாகவே இறங்கியது. இரண்டாவது வெட்டுக்குக் கொஞ்சம் சாய்ந்து உள்ளே தள்ளினார். மரத்தின் பின்பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் எப்போதோ தெருவிளக்கு மாட்டுவதற்கு அடித்த இரும்புக் கொக்கி ஒன்று மரப்பட்டைக்குள் மறைந்து கிடந்தது. ரம்பத்தின் நுனி அதைத் தொட்டது.

நுனி எதிலாவது தட்டினால் ரம்பம் உதைக்கும். தள்ளுகிற வேகத்தைவிட வேகமாகத் திரும்பி மேலே எகிறும். கண்ணிமைக்க நேரம் இருக்காது. கரியமாணிக்கத்தின் வலக்கை, அதாவது அவருடைய பலமில்லாத கை, முன்பிடியில் இருந்தது. அது நழுவிற்று. பட்டை அவர் கழுத்துக்கு நேராக வந்தது. தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. ஹெல்மெட்டின் விளிம்பும், இடது காதின் மேல்பாதியும், தோள்பட்டையில் ஒரு துண்டு சதையும் போயின.

ஏதோ கருப்பாகப் பறந்து வந்து கர்னலின் காலடியில் விழுந்தது. அது ஹெல்மெட் துண்டு. கர்னல் அதைக் கையெறிகுண்டு என்று நினைத்துத் தரையில் பாய்ந்தார். அவர் பாய்ந்ததைப் பார்த்து எல்லோரும் பாய்ந்தார்கள். காவலாளிகள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். தூரத்தில் இருந்த காவல் சாவடியிலிருந்து யாரோ பதிலுக்குச் சுட்டார்கள். ரத்தம் வழிய நின்றுகொண்டிருந்தது கரியமாணிக்கம் ஒருவர்தான். அவரிடம் ஓடி வந்தது தாம் ஒருவன்தான். அவன் தன் சட்டையைக் கழற்றி அவர் தோளில் அழுத்தினான்.

ஆஸ்பத்திரியில் கட்டில்கள் நிறைந்திருந்தன. தாதி ஒருத்தி ஓடிக்கொண்டே கேட்டாள்.

"கண்ணிவெடியா, குண்டா?"

"ரம்பம்."

"யார் செஞ்சது?"

"நானேதான்."

அவள் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வராந்தாவில் ஒரு பாயைக் காட்டினாள். இரண்டு பக்கமும் காலில்லாதவர்களும் குடல் தைக்கப்பட்டவர்களும் படுத்திருந்தார்கள். பக்கத்துப் பாய்க்காரன், பொடியன் முகம், எந்த இடத்துச் சண்டை என்று அவரைக் கேட்டான். கரியமாணிக்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வலியைவிட அந்தக் கேள்விதான் அவரைத் தின்றது.

மறுநாள் ஜூல் வந்தார். ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்தார். பாயருகே குந்தினார், வெள்ளைக் கால்சட்டை தரையில் படாமல்.

"நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணு. அந்த நேரத்துல வலக்கையிலதான் புடிச்சிருந்தேன்னு சொல்லிடு. திட்டத்துக்கு நல்லது."

"எல்லாரும் பாத்தாங்களே முசே."

"பாத்தவங்க எல்லாம் கீழ படுத்திருந்தாங்க."

கரியமாணிக்கம் கட்டுக்கு வெளியே இருந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து ஒரு விஷயம் அவருக்கு விளங்கியது. வலக்கை ஆர்டர் போட்டவரும் இவர்தான், இடக்கைக்கு விழா எடுத்தவரும் இவர்தான். இவருக்கு எந்தக் கையைப் பற்றியும் அக்கறை கிடையாது.

"காது போனது இடப்பக்கம்" என்றார். "அதை மாத்தி ஒட்டித் தந்தீங்கன்னா வலக்கைன்னு சொல்றேன்."

ஜூல் எழுந்து போய்விட்டார். ஆரஞ்சுப் பழங்களைப் பக்கத்துப் பாய்க்காரன் தின்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெயம் நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. அவள் சொல்லாதது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சுவரொட்டி சுவரில் இல்லை. எங்கே என்று கேட்டார். அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். நல்ல காகிதம், சீக்கிரம் பிடித்துக்கொண்டது என்றும் சொன்னாள்.

தோள் ஆறிவந்தபோது ஒரு காலையில் அவர் சும்மா இருக்கமுடியாமல், ஜெயத்தின் வண்டியிலிருந்து சாறுச் சட்டியை இறக்கப் போனார். இரண்டு பக்கமும் பிடி வைத்த கனமான சட்டி. ஒரு கையை முன்னால் கொடுத்து, ஒரு கையைப் பின்னால் கொடுத்து, சாய்த்து இறக்கவேண்டும். பழக்கத்தில் இடக்கையை முன்னால் கொடுத்தார். சட்டி ஆடாமல் இறங்கியது. அவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். மறுபடி ஏற்றினார். கையை மாற்றிக்கொண்டு இறக்கிப் பார்த்தார். சாறு தளும்பிக் காலில் கொட்டியது.

"என்ன செய்றீங்க? வாங்க வர்ற ஆளுக்கு என்னத்தை ஊத்துவேன்?" என்றாள் ஜெயம்.

"ஜெயம், பாரத்தைத் தாங்குறது முன்கை. பின்கை சும்மா தொட்டுக்கிட்டுதான் இருக்கு."

"ஆமாம்."

"ரம்பத்துலயும் அப்படித்தானே. பட்டையை அடக்குறது முன்கைதான். பின்கை விசையை அமுக்குது, அவ்வளவுதான். ஒரு விரல் வேலை."

"சரி."

"வலக்கைக்காரன் அத்தனை பேரும் முன்னால எந்தக் கையைக் கொடுக்கிறான்? இடக்கை. அவனுக்குச் சக்தியில்லாத கை. எனக்கு அதுதான் சக்தியுள்ள கை." இடக்கையை விரித்துப் பார்த்தார். "தாம் சொன்ன மாதிரி பிடிச்சிருந்தா, அந்தக் கூட்டத்துலயே என்னைவிட நல்லா எவனும் பிடிச்சிருக்க முடியாது."

ஜெயம் துணியை எடுத்துச் சிந்திய சாற்றைத் துடைத்தாள்.

"இதைத் தெரிஞ்சிக்கக் காது போகவேண்டியிருந்துச்சு" என்றாள். பிறகு, கொஞ்சம் இரக்கப்பட்டு, "பாதிதானே போச்சு" என்றாள்.

அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் தளத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தலைமையகம் இப்போது வேறு மாதிரி நெகிழ்ந்திருந்தது. இடக்கைக்காரர் திட்டம் ரத்து. இடக்கைக்காரர் எவரும் இனி மோட்டார் ரம்பத்தைத் தொடக்கூடாது. ஆட்களைச் சோதித்துப் பிரிக்கும்படி டெல்பர்ட்டுக்கு உத்தரவு.

கேட்டால் உண்மை சொல்லமாட்டார்கள், வேலை போய்விடும் என்று பொய் சொல்வார்கள் என்று டெல்பர்ட் நினைத்தார். எனவே ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் மேலும் திடீரென்று ஒன்றை எறிந்தார். எந்தக் கை தானாக எழுகிறதோ அதுதான் சாட்சி.

யோசனை தப்பில்லை. ஆனால் டெல்பர்ட் பேஸ்பால் ஆடி வளர்ந்தவர். அந்த ஆட்டத்தில் வலக்கைக்காரன் இடக்கையில் தோல் கையுறையை மாட்டிப் பந்தைப் பிடிப்பான், வலக்கையால் எறிவான். வலக்கையால் பிடிக்கிறவன் இடக்கைக்காரன். பால்குடிக்கிற வயதிலிருந்து அவர் இதைப் பார்த்து வந்தார். அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

தாம் மேல் எறிந்தார். தாம் வலக்கையால் பிடித்தான். டெல்பர்ட் வருத்தத்தோடு தலையாட்டி அவனை ஓரமாக நிற்கச் சொன்னார். அடுத்தவனும் வலக்கையால் பிடித்தான். அதற்கடுத்தவனும். பழம் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோரும் கையை நீட்டி நீட்டிப் பிடித்தார்கள். டெல்பர்ட்டின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. இத்தனை இடக்கைக்காரர்களை வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் மரம் வெட்டினோம் என்று ஜூலிடம் கேட்டார்.

ஜூலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அமெரிக்கர்களோடு இருந்து அவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். வாயைத் திறந்தார். மேலாளர் தப்பு செய்கிறார் என்று எல்லார் முன்னாலும் சொல்வதா என்று யோசித்தார். அவர் வேலை செய்த எந்த அரசாங்கத்திலும் அப்படிச் சொன்னவர் நிலைத்ததில்லை. வாயை மூடிக்கொண்டார். அவர் மூடிய நேரம் டெல்பர்ட் அவர் மேலும் ஒன்றை எறிந்தார். ஜூல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஆரஞ்சு அவர் நெஞ்சில் பட்டுச் சிதறி வெள்ளைச் சட்டையில் வழிந்தது. அவர் எந்தக் கைக்காரரும் இல்லை என்று டெல்பர்ட் முடிவு செய்தார். பாதுகாப்பு அதிகாரிக்கு அது தடை இல்லை.

கடைசியில் கரியமாணிக்கம் நின்றார். அரைக் காதோடு நிற்கும் அவரைப் பார்த்து டெல்பர்ட்டுக்குச் சங்கடமாக இருந்தது. மெதுவாகத்தான் எறிந்தார். கரியமாணிக்கம் இடக்கையால் பிடித்தார்.

டெல்பர்ட் இன்னொன்று எறிந்தார். அதையும் இடக்கையால் பிடித்தார்.

"இவர் வலக்கைக்காரர்" என்றார் டெல்பர்ட். அவரை இடக்கைக்காரர் என்று சொல்லி, தப்பான கையில் ரம்பத்தைக் கொடுத்து, கொல்லப் பார்த்துவிட்டோமே என்று அவர் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். தொட்டது காயம்பட்ட தோள்.

அன்றிலிருந்து கம்பெனியில் ரம்பம் பிடிக்க அனுமதி உள்ளவர் கரியமாணிக்கம் ஒருவர்தான். பிறந்ததிலிருந்து வலக்கையால் சோறு தின்ற மற்ற எல்லோரும் இடக்கைக்காரர்களாகிக் கயிறு இழுத்தார்கள், கிளை பொறுக்கினார்கள். தாமுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்து, விசையில் வலக்கை, முன்பிடியில் இடக்கை, பெருவிரலை அடியில் சுற்றிக் கொடு, நுனியால் எதையும் தொடாதே, ரம்பத்தின் நேர்க்கோட்டில் முகத்தை வைக்காதே என்று முதலிலிருந்து சொன்னான். இந்த முறை கரியமாணிக்கம் கேட்டுக்கொண்டார்.

அடுத்த மரத்தில் ரம்பம் ஒருமுறை உதைத்தது. கணுவில் மாட்டியிருக்க வேண்டும். இடக்கை முன்பிடியைக் கவ்விக்கொண்டிருந்தது. பட்டை அவர் வலத்தோளுக்கு அப்பால் வெறுங்காற்றைச் சீவிவிட்டு நின்றது. அவர் என்ஜினை அணைத்துவிட்டு வேரில் உட்கார்ந்தார். தாம் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து அவர் வாயில் வைத்தான்.

ஒரே ஆள், ஒரே ரம்பம் என்றால் வேலை எவ்வளவு நடக்கும். அந்த வருஷம் சாலையின் ஒரு பக்கத்துப் புளியமரங்கள் தப்பின. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே போயின. இதற்காக யாரும் கரியமாணிக்கத்தைக் கடிந்துகொள்ளவில்லை. இருந்த ஒரே வலக்கைக்காரரை அவசரப்படுத்த டெல்பர்ட் துணியவில்லை.

ஒரு மத்தியானம் ஜெயம் ஹு தியூவைத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்தாள். கரியமாணிக்கம் வெட்டிய அடிமரத்தில் உட்கார்ந்து, குச்சிகளை இடக்கையில் பிடித்து, பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டெல்பர்ட் ஜூலோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இவர் வலக்கைக்காரர்தானே? ஏன் இடக்கையால் சாப்பிடுகிறார்?" என்று ஜூலிடம் கேட்டார்.

ஜூல் கரியமாணிக்கத்தைப் பார்த்தார். கரியமாணிக்கம் குச்சியை நிறுத்தாமல் ஜூலைப் பார்த்தார். இந்தச் சோதனை தப்பு என்று இப்போது தெரிந்தால், அன்றைக்குத் தெரிந்தும் சொல்லாமல் நின்றது யார் என்ற கேள்வியும் வரும்.

"அது அவங்க மத வழக்கம் சார்" என்றார் ஜூல். "ரொம்ப ஆசாரமானவங்க, இடக்கையால்தான் சாப்பிடுவாங்க."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, கரியமாணிக்கம் சாப்பிட்டு முடிக்கும்வரை மரியாதையாக நின்றார்.